பின்னணி சிவப்பாக இருக்க வேண்டும்

கஸ்மினாவின் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்ததற்குக் காரணம் அவள் முகம் அல்ல, முகத்துக்குப் பின்னால் இருந்த நிறம். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்கள் சிவப்புத் திரைக்கு முன்னாலும், இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவர்கள் நீலத் திரைக்கு முன்னாலும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஜாவாவில் எல்லோருக்கும் தெரியும். கஸ்மினாவுக்கும் தெரியும். தான் பிறந்தது எந்த ஆண்டு என்பதுதான் தெரியாது. கரையில் சூரை மீன் குவிந்து நாறிய வருஷம் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். படக்கடைக்காரர் சூரை மீனை இரட்டைப்படை என்று வைத்துக்கொண்டு நீலத் திரையை இறக்கிவிட்டார். அரசாங்க அட்டையோ ஒற்றைப்படை என்றது.

'பின்னணி நீலமாக இருப்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது. பின்னணி சிவப்பாக இருக்க வேண்டும்' என்று விண்ணப்பத்தின் மேல் குத்தியிருந்தது. கையால் எழுதவில்லை. இதற்கென்றே ஒரு முத்திரை செய்து வைத்திருந்தார்கள். அரச பத்திக் மாந்திரீக உயர்கழகத்தில் மிகவும் தேய்ந்துபோன முத்திரை அதுதான் என்று பிற்பாடு அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த தடவை, அவளுடைய ஊரே இல்லை என்று திருப்பினார்கள். ஊர் இருப்பதற்குச் சான்று கேட்டு அவள் அலைந்தாள். நில அலுவலகம், நீங்கள் காட்டும் இடம் கடலுக்குள் இருக்கிறது, கடலுக்கு நாங்கள் சான்று தருவதில்லை என்றது. கடல் அலுவலகம், அங்கே முப்பத்தேழு வீடுகள் இருக்கின்றன, வீடு இருக்கும் இடத்தைக் கடல் என்று எப்படிச் சொல்வது என்றது. கடைசியில் ஊர்த்தலைவர் கடிதம் போதும் என்று கழகமே மனம் இறங்கியது. ஊர்த்தலைவரின் முத்திரை முந்தின வருஷமே அலமாரியோடு கடலில் போயிருந்தது. அவர் ஒரு மரவள்ளிக்கிழங்கை வெட்டிப் புது முத்திரை செதுக்கினார். மூன்று நகல்களிலும் குத்திக் கொடுத்துவிட்டு, "ஓடு கஸ்மினா, இந்தக் கிழங்கு நாளைக்கு ஆகாது" என்றார்.

அவள் ஓடினாள். ஓட வேண்டிய நிலைமைதான். வட கடற்கரையில் இருக்கும் அவள் ஊரான கராங்சும்பிலுக்கு, வருஷத்துக்குப் பத்து விரல் அளவு கடல் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் கூரையை உயர்த்துவதில்லை. அதற்கு வசதி வேண்டும். தரையை உயர்த்துவார்கள். மண்ணும் சிப்பியும் கொட்டி, இந்த வருஷம் ஒரு முழம், அடுத்த வருஷம் ஒரு முழம். கஸ்மினாவின் வீட்டில் மூன்று தடவை உயர்த்தியாகிவிட்டது. வாசற்கதவு பாதியாகி, பிறகு ஜன்னலாகி, இப்போது அதன் வழியாகக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் காங் என்று கூப்பிடும் கணவர் தர்மூஜி வீட்டுக்குள் குனிந்தே நடந்தார். மகள் விவித்துக்கு ஏழு வயது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் கதவு நிலையில் அவள் உயரத்துக்கு ஒரு கோடு கீறுவது வழக்கம். அந்தக் கோடுகளில் நான்கு ஏற்கெனவே தரைக்கு அடியில் போய்விட்டன. பிள்ளை ஒரு பக்கம் வளர்ந்தாள், தரை ஒரு பக்கம் வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் கூரை ஒன்றுதான் அப்படியே இருந்தது.

கழகத்தால் இதை நிறுத்த முடியும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. துணியில் மெழுகு வைத்த இடத்தில் சாயம் ஏறாது என்பது எல்லாப் பத்திக் பட்டறைகளிலும் நடப்பது. கழகத்தின் துணியில் மெழுகு வைத்தால், எதை நினைத்து வைக்கிறோமோ அதன்மேல் தண்ணீர் ஏறாது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் அப்படித்தான் அரண்மனை நெற்களஞ்சியத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றினாள். அந்தத் துணி கழகத்தின் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்கியது. கண்ணாடிக்குள் வைப்பதற்கு முன் வழக்கப்படி அதைக் கொதிநீரில் போட்டு மெழுகைக் களைந்திருந்தார்கள், கோலம் தெளிவாகத் தெரிவதற்காக. அடுத்த மழையில் களஞ்சியம் மூழ்கிப் போனது. அந்த விவரம் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்த குறிப்பில் இல்லை.

இடம் கிடைத்தது. முதல் வருஷம் ஊதுதல்.

மெழுகு தீட்டும் கருவிக்குச் சாந்திங் என்று பெயர். மூங்கில் கைப்பிடி, செம்பில் சின்னக் கிண்ணம், அதில் ஒரு மெல்லிய மூக்கு. மூக்கு அடைத்துக்கொண்டால் லேசாக ஊத வேண்டும். பட்டறைப் பெண்கள் இதை முதல் நாள் காலையில் கற்றுக்கொண்டு மத்தியானம் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். கழகத்தில் இது இரண்டு பருவப் பாடம். ஊதலின் வரலாறு, ஊதலின் தத்துவம், ஊதல் செய்முறை. செய்முறையில் மெழுகு கிடையாது. அடுப்பும் கிடையாது. வெறும் சாந்திங்கை வாயருகே பிடித்து நாற்பது பேர் ஒரே சீராக ஊதினார்கள்.

"ஒரு வருஷமா ஊதறியா?" தொலைபேசியில் தர்மூஜி கேட்டார். "இங்கயே அடுப்பு ஊதிட்டிருந்தியே மினா. அதுக்கா அவ்ளோ தூரம் போன?"

"அடுத்த வருஷம் மெழுகு குடுப்பாங்க காங்."

"குடுக்கட்டும். நேத்து படுக்கையத் தூக்கிக் கட்டிட்டேன். விவித் மேல படுத்துக்கறா. தூங்கும்போது மட்டும் முட்டாம இருக்கா."

திங்கட்கிழமைதோறும் கொடியேற்றம் உண்டு. முதல்வர் பேராசிரியர் டாக்டர் ராடென் ப்ரஜோகுசுமோ பேசுவார். அவர் பெயருக்கு முன்னும் பின்னும் இருந்த பட்டங்களை அறிவிப்பாளர் படித்து முடிப்பதற்குள் வரிசையில் ஒருவராவது வெயிலில் மயங்கி விழுவது வழக்கம். அதற்காக ஒரு தூக்குக் கட்டிலும் இரண்டு ஆட்களும் ஓரமாகத் தயாராக நிற்பார்கள்.

"நம்ம கழகத்துக்கு நூறு வருஷம் ஆச்சு" என்றார் முதல்வர். "இந்த நூறு வருஷத்துல ஒரு தப்பு நடந்திருக்கா? கிடையாது. ஏன்? நாம எதுவும் செய்யறதுக்கு முன்னாடி யோசிக்கறோம். யோசிச்சு முடியாம எதையும் செய்யறதில்ல. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கோம். இதுக்குப் பேர்தான் பாரம்பரியம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கஸ்மினாவும் தட்டினாள். கை தட்டலுக்கு வருகைப் பதிவில் மதிப்பெண் இருந்தது.

இரண்டாவது வருஷம் புள்ளி. மெழுகும் அடுப்பும் வந்தன. கோடு போட ஐந்தாம் வருஷம் வரையிலும், பூ வரைய ஏழாம் வருஷம் வரையிலும் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தார் புள்ளி மட்டும் வைக்கலாம். புள்ளிக்கு அர்த்தம் கிடையாது, அது வெறும் நிரப்பல் என்று விதிநூல் சொன்னது. அர்த்தம் இல்லாததால் அதற்கு அனுமதியும் தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்பது கையெழுத்து வேண்டும். ஒன்பதாவது கையெழுத்துக்குரிய பதவி இருபத்திரண்டு வருஷமாகக் காலியாக இருந்தது.

இரண்டாம் வருஷத்தாருக்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. எந்தத் துணியில் கடைசியாக யார் மெழுகு வைத்தாரோ, அந்தத் துணிக்கு அவரே பொறுப்பு என்று ஒரு விதி. துணி கிழிந்தாலும் கருகினாலும் தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் ஒப்படைப்புப் படிவம் கொடுக்கும் வரை அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. ஆகவே பேராசிரியர்கள் துணியில் வேலையை முடித்ததும், போகிற வருகிற இரண்டாம் வருஷத்து ஆள் யாரையாவது கூப்பிட்டு, "இங்க ஒரு புள்ளி வையுங்க" என்பார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் சம்பவம் நடந்தது. கஸ்மினா பயிற்சித் துணியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு நனைகிறதே என்று ஒரு புள்ளியின்போது நினைத்துவிட்டாள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அது புதுச் செருப்பு, அவ்வளவுதான். மணி அடித்து வெளியே வந்தபோது முப்பத்தொன்பது ஜோடிச் செருப்புகள் தண்ணீரில் மிதந்தன. அவளுடையது மட்டும் காய்ந்து கிடந்தது. மழை அதைச் சுற்றிப் பெய்தது.

நூறு வருஷத்துக்குப் பிறகு கழகத்தில் ஒரு அற்புதம் நடந்திருந்தது. மறுநாள் அவளை விசாரணைக்கு அழைத்தார்கள்.

நடைமுறைத் தரக் கண்காணிப்பாளர் பிரிஹாதி கெட்ட மனிதர் அல்ல. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். கழகத்தில் பெண்ணை இபூ என்றும் ஆணை பாக் என்றும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். "இபூ கஸ்மினா, இது திட்டமிடப்படாத அற்புதம். இதுக்குத் தனிப் படிவம் இருக்கு. மூணு நகல். படம் ஒட்டணும், பின்னணி சிவப்பு."

"பாக், அப்ப என்னால முடியுதுல்ல. எங்க ஊருக்கு ஒரு துணி பண்ணிக்கறேன் பாக். முப்பத்தேழு புள்ளி. அரை நாள் போதும்."

"முடியுதுங்கறதுதான் பிரச்சனையே. ஏழாம் வருஷத்துல முடிய வேண்டியது உங்களுக்கு ரெண்டாம் வருஷத்துல முடிஞ்சிருக்கு. அப்ப மத்த அஞ்சு வருஷமும் எதுக்குன்னு யாராச்சும் கேட்டா நாங்க என்ன சொல்றது?"

அவளிடமிருந்து சாந்திங்கை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். ஒரு பருவம் முழுக்க அவள் மறுபடியும் ஊதினாள். அதனால் பதிவேட்டில் இரண்டாம் வருஷத்திலேயே நின்றுபோனாள்.

மூன்றாவது வருஷம் பிறந்தபோது தர்மூஜியின் குரல் மாறியிருந்தது. கேலி போய்விட்டது. "வர்ற அஞ்சாம் மாசம் பௌர்ணமிக்குப் பெரிய கடலேற்றம்னு எல்லாரும் சொல்றாங்க மினா. சுவர் தாங்காது. கையால அழுத்தினா மாவு மாதிரி உதிருது. போறதுக்கு வேற எடம் நமக்கு எது?"

அன்று கஸ்மினா முதல்வர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பிடித்தாள். வெட்கம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. கழகத்தின் தரச்சான்றைப் புதுப்பிக்க ஒரு குழு வருவதாகவும், கழகம் மக்களுக்கு என்ன செய்தது என்று கேட்கப் போவதாகவும் கடிதம் வந்திருந்தது. நூறு வருஷத்துப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தும் அந்தக் கேள்விக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. முதல்வர் கதவைத் திறந்து கஸ்மினாவைப் பார்த்தார்.

"இபூ, நீங்க மக்கள்தானே?"

"ஆமா பாக்."

"நல்லது. உள்ள வாங்க."

ஒன்பதாவது பதவிக்கு முதல்வர் தன்னையே தற்காலிகமாக நியமித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷக் காலியிடம் பத்து நிமிஷத்தில் நிரம்பியது. கராங்சும்பில் காப்புத் துணித் திட்டத்துக்குக் குழு அமைத்தார்கள். குழு பதினொரு தடவை கூடியது. ஒவ்வொரு தடவையும் வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசிச் சோறும் ஒரு குவளைத் தண்ணீரும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

துணியில் யாருக்கு எந்த இடம் என்பதுதான் பேச்சு. நடுவில் கழகத்தின் சின்னம், அதில் தகராறு இல்லை. அதற்குக் கீழே முதல்வரின் பெயர், பட்டங்களோடு. அது இரண்டு வரி பிடித்தது. விழா மேடையும் விருந்தினர் நாற்காலிகளும் நனையக்கூடாது என்பதால் அவற்றுக்கு ஒரு மூலை. வரவேற்பு வளைவுக்கு ஒரு மூலை. மாவட்டத் தலைவர் வரும் கார் நிற்கும் இடத்துக்கு ஒரு மூலை. பாக்கி இருந்த இடத்தில் ஊரை வரைவது கோலத்துறைத் தலைவர் டாக்டர் ஹெர்மினிங்கின் பொறுப்பு.

டாக்டர் ஹெர்மினிங் ஊரை அழகாக வரைந்திருந்தார். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து நேராக இறங்கி வரும் ஒரு சாலை, இரண்டு பக்கமும் நெல்வயல். இந்தத் தேசத்தில் எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து ஊரை வரையச் சொன்னாலும் வரையுமே, அதே படம். டாக்டர் ஹெர்மினிங்கும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர்தான்.

கஸ்மினா எழுந்து நின்றாள். "இபூ டாக்டர், எங்க ஊர்ல மலை இல்ல."

"இருக்கட்டும்."

"வயலும் இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடியே கடல் எடுத்துக்கிச்சு. வீடுங்கதான் இருக்கு, ஒரே வரிசையா முப்பத்தேழு. அதைத்தான் வரையணும்."

"ஊருன்னா மலை இருக்கணும் இபூ. பாக்கறவங்களுக்கு அது ஊருன்னு எப்படித் தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியணும் இபூ டாக்டர். தண்ணி வந்து மலையைத் தேடும், இருக்காது. எங்க வீட்டு மேல ஏறிடும்."

டாக்டர் ஹெர்மினிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா ஊர் வரையறேன். ஒரு ஊர்கூட இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல."

கஸ்மினா அழுதேவிட்டாள். கூட்டத்தில் அழுவதற்கு விதிநூலில் ஏற்பாடு எதுவும் இல்லாததால் எல்லோரும் சோற்றுப் பெட்டியைப் பார்த்தார்கள். பிரிஹாதிதான் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். சாலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு முழ இடம் சும்மா கிடக்கிறது. அதை எப்படியும் புள்ளியால் நிரப்ப வேண்டும். கடைசிப் புள்ளிக்கு ஒரு இரண்டாம் வருஷத்து ஆள் தேவை. அதை இபூ கஸ்மினாவே செய்யட்டும், மக்கள் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். மேடையில், எல்லோருக்கும் முன்னால், கால் மணி நேரம்.

கால் மணி நேரம் போதும். முப்பத்தேழு புள்ளிக்கு அது தாராளம். கஸ்மினா பிரிஹாதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கு விழா. ஏற்றம் பத்தரைக்கு. கராங்சும்பிலில் தண்ணீருக்கு மேலே மிச்சமிருந்த ஒரே மேட்டில் மேடை போட்டிருந்தார்கள். வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகள், முதல்வர் படம் போட்ட ஆளுயரத் துணிப் பதாகை, அவுரிச் சாயம் நிறைந்த ஒரு பெரிய தொட்டி. முப்பத்தேழு வீட்டுப் பெண்களும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். ஆண்கள் வீடுகளில் பாயையும் பாத்திரத்தையும் கூரையோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்மினா மேடையில் கரி அடுப்பின் முன்னால் சாந்திங்கோடு உட்கார்ந்திருந்தாள். மெழுகு உருகித் தயாராக இருந்தது.

தேசிய கீதம், கழக கீதம், பிரார்த்தனை. பிறகு வரவேற்புரை. வரவேற்புரைக்கு நன்றியுரை. பெயர்களைப் பட்டங்களோடு படித்தார்கள். முதல்வர் பேச எழுந்தபோது மணி ஒன்பதே முக்கால், தண்ணீர் பெண்களின் முழங்காலுக்கு வந்திருந்தது.

"இந்த மக்களோட கண்ணீரைப் பார்த்து எனக்குத் தூக்கம் வரல" என்றார் முதல்வர். "தூக்கம் வராம நான் என்ன பண்ணேன்? ஒரு குழு போட்டேன். குழு என்ன பண்ணுச்சு? இன்னொரு குழு போட்டுச்சு. இன்னிக்கு உங்க முன்னாடி ரெண்டு குழுவும் உக்காந்திருக்கு. கடல் பாக்கட்டும். எங்களைத் தாண்டி எதுவும் சீக்கிரமா நடந்ததில்ல, இதுவரைக்கும்."

கஸ்மினா மெழுகைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். மாவட்டத் தலைவர் பதினொரு மணிக்கு வேறொரு ஊரில் ஒரு பாலத்தைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரம் ஐந்து நிமிஷமாக ஆகிவிட்டதாக அவள் காதில் வந்து சொன்னார்கள்.

அவள் முதல் புள்ளியைத் தன் வீட்டுக்கு வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. கதவு நிலையை நினைத்தாள், கோடுகளை நினைத்தாள், அந்த ஒரு முழ இடத்தின் நடுவில் மெழுகு ஒரு மிளகு அளவுக்கு உட்கார்ந்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"இபூ" என்றார் பிரிஹாதி. அவர் விதிநூலோடு பக்கத்தில் நின்றிருந்தார். "புள்ளி இடது மூலையிலருந்து ஆரம்பிக்கணும். நடுவுல வைக்கறது பிழை."

"பாக், இது ஒண்ணு மட்டும். கெஞ்சிக் கேக்கறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க இபூ. தரக்குழு முன்வரிசையில இருக்கு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க." அவர் சின்னக் கத்தியைச் சூடாக்கி, மெழுகைச் சுரண்டி எடுத்து, வெந்நீர்த் துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். நேர்த்தியாகத்தான் செய்தார்.

அவள் இடது மூலையில் ஆரம்பித்தாள். கிழக்குக் கோடியில் ஊர்த்தலைவர் வீடு. அடுத்தது உப்பு விற்கும் சரினா வீடு. வரிசைப்படி போனால் அவள் வீடு இருபத்தொன்பதாவது. ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டின் பேரை வாய்விட்டுச் சொன்னாள். தண்ணீரில் நின்ற பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேர் வந்ததும் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொள்வாள், அடுத்தவள் இன்னும் உற்றுப் பார்ப்பாள். பதினைந்தாவது புள்ளியில் கஸ்மினாவின் கை தானாகத் தாண்டப் பார்த்தது.

"வரிசை இபூ" என்றார் பிரிஹாதி, மெதுவாக.

பதினாறாவது வீட்டுக்காரி கைக்குழந்தையோடு மேடைக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். கஸ்மினா பதினாறை வைத்தாள். பதினேழு. பதினெட்டு. மூக்கு அடைத்துக்கொண்டது. ஊதினாள். ஒரு வருஷமும் ஒரு பருவமும் கற்ற ஊதல், உடனே திறந்துகொண்டது. இருபத்தொன்றை வைத்துவிட்டுச் சாந்திங்கைத் திரும்ப மெழுகில் தோய்த்தபோது சேகண்டி அடித்தது. மாவட்டத் தலைவர் துணியின் ஒரு முனையையும் முதல்வர் மறுமுனையையும் பிடித்து, படமெடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, தொட்டிக்குள் இறக்கினார்கள். இருபத்திரண்டாவது துளி மேடைப் பலகையில் விழுந்தது.

துணி நீலமேறியது. கடல் உள்ளே வந்தது.

மேடை நனையவில்லை. நாற்காலிகள் நனையவில்லை. காரும் வரவேற்பு வளைவும் காய்ந்தே நின்றன. கரைக்கு அப்பால், நடுக்கடலில், இரண்டு மலை வடிவத்தில் தண்ணீர் விலகிப் பெரிய பள்ளங்கள் திறந்தன. அவற்றின் நடுவே வட்டமாக இன்னொன்று. மீன்கள் அவற்றில் துள்ளின. மலைகளிலிருந்து மேடை வரைக்கும் கடலைக் கிழித்துக்கொண்டு ஒரு நேரான சாலை, யாருக்கும் பயன்படாமல், சேறுகூட இல்லாமல் வந்து சேர்ந்தது. கிழக்குப் பக்கத்து இருபத்தொரு வீடுகளைச் சுற்றித் தண்ணீர் சுவர் கட்டி நின்றது. இருபத்திரண்டாவது வீட்டிலிருந்து உள்ளே நுழைந்தது.

கஸ்மினா தண்ணீரில் குதித்தாள். அவள் போய்ச் சேரும்போது கூரை தரையில் உட்கார்ந்திருந்தது. தர்மூஜி இடுப்பளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார். தோளில் விவித். கக்கத்தில் ஒரு முறிந்த மரத்துண்டு.

"நிலையைப் பேத்துக்கிட்டு வந்துட்டேன்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "முழுசா வரல. கீழ இருந்த நாலு கோடு அங்கயே இருந்துடுச்சு."

அவள் கையில் சாந்திங் இன்னும் இருந்தது. மேடையில் மெழுகும் சூடாகவே இருந்தது. தொட்டியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்ட துணியில் தன் வீட்டின் இடத்தைப் பார்த்தாள். மற்ற இடம் போலவே அதுவும் நீலம். நீலமேறிய இடத்தில் இனி மெழுகு வைத்தால் அந்த நீலம்தான் நிலைக்கும். இதைக் கழகத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தெரியும். சாந்திங்கைக் கீழே வைத்தாள்.

முதல்வர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்திருந்தார். "மெழுகு வச்ச இடத்துல நூத்துக்கு நூறு வெற்றி. ஒரு இடம்கூடத் தவறல. கூடுதலா நம்ம கடலுக்கு ரெண்டு மலையும் கிடைச்சிருக்கு. சுற்றுலாத் துறைக்கு இன்னிக்கே எழுதறோம். இந்தத் துணியை வழக்கப்படி கொதிக்க வச்சு, மெழுகைக் களைஞ்சு, களஞ்சியத் துணிக்குப் பக்கத்துல கண்ணாடிக்குள்ள வைப்போம்."

கை தட்டினார்கள். தண்ணீருக்குள் இருந்த பெண்களில் சிலரும் பழக்கத்தில் தட்டினார்கள். சரினாதான் முதலில் நிறுத்தினாள். "கொதிக்க வச்சா எங்க வீடு?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

கஸ்மினா மேடை ஏறினாள். புடவைத்துணி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. தொங்கிய துணியை எடுத்து மடித்தாள்.

"இபூ, அது கழகத்தோடது" என்றார் முதல்வர்.

"கடைசியா மெழுகு வச்சது நான் பாக். ஒப்படைப்புப் படிவம் குடுக்கற வரைக்கும் பொறுப்பு என்னோடது. வேற யாரும் தொடக்கூடாது."

முதல்வர் பிரிஹாதியைப் பார்த்தார். பிரிஹாதி விதிநூலைப் புரட்டினார், ரொம்ப நேரம் புரட்டினார். பிறகு, "விதி அப்படித்தான் இருக்கு பாக்" என்றார். அவர் கஸ்மினாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப படிவத்தை உடனே அனுப்புங்க" என்றார் முதல்வர். "படத்தோட."

முப்பத்தேழு குடும்பங்கள் இப்போது இருபத்தொரு வீட்டில் இருக்கின்றன. துணி சரினாவின் கூரை மூங்கிலில், எண்ணெய்த்தாளில் சுற்றி, அடுப்பு எரியாத பக்கமாகத் தொங்குகிறது. கதவு நிலைத் துண்டை அதே வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். விவித்தின் பத்தாவது கோட்டை அதில் எங்கே கீறுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே எவ்வளவு போயிற்று என்பது தெரிந்தால்தானே மேலே அளக்க முடியும்.

கழகம் துணியைக் கேட்டு மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறது. கஸ்மினா ஒரு தடவைகூட மறுத்ததில்லை. கடிதம் வந்த அன்றே ஒப்படைப்புப் படிவத்தைத் திருத்தமான கையெழுத்தில் மூன்று நகல் நிரப்பிவிடுகிறாள். ஊர்த்தலைவர் புதுக் கிழங்கு வெட்டிக் குத்திக் கொடுக்கிறார். படம் ஒன்றுதான் பாக்கி. அதற்காக அவளும் தர்மூஜியும் படகில் மேற்கே போகிறார்கள், இருபத்தொன்பதாவது வீடு இருந்த இடம் வரைக்கும். பதினோரு தடவை அனுப்பியாயிற்று. பதினோரு தடவையும் அதே முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது.

பன்னிரண்டாவது தடவை அவள் படகின் முனையில் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். தர்மூஜி கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மினா" என்றார். "நம்ம வீட்ட மறைக்கற."

அவள் தள்ளி நின்றாள். பின்னணி நீலமாக விழுந்தது.